விதையிலிருந்து பால்சம்ரூட் வளர்ப்பது எப்படி? வேலை ஃப்ரிட்ஜில் தொடங்குகிறது

அமெரிக்காவின் வடமேற்கில் பாய்சி, மிசூலா, வெனாச்சி பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஆரோலீஃப் பால்சம்ரூட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து அடிவாரக் குன்றுகளில் சேஜ்பிரஷ் புதர்களுக்கு நடுவே கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்து நிற்கிறதே, அதுதான். சூரியகாந்திக் குடும்பம். அம்பு முனை வடிவத்தில் ஓர் அடி நீள இலை. தண்டுக்கு ஒரு பூ.

தோட்டத்தில் வேண்டுமென்று ஆசைப்பட்டு யாரும் மண்வெட்டியோடு மலைக்குப் போக வேண்டாம். வளர்ந்த செடியின் ஆணிவேர் எட்டு அடி ஆழம் வரை இறங்கும். பாதி வேரோடு பிடுங்கிய செடி பிழைக்காது. மலையிலும் ஒரு செடி போய்விடும், உங்கள் வீட்டிலும் வராது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நெஸ் பெர்ஸ், சாலிஷ் மக்கள் இதன் இளந்தண்டையும் வேரையும் விதையையும் காலங்காலமாக உணவாக்கி வந்தவர்கள். அந்தச் சரிவுகளை அப்படியே விட்டுவைப்பது அவர்களுக்கு நாம் தரும் மரியாதையும்கூட.

1. விதை

உள்ளூர் விதையாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் மாநிலத்து நாட்டுச்செடி விதைக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தேசியப் பூங்காக்களில் விதை எடுப்பதற்குத் தடை. மற்றப் பொது நிலங்களுக்கு அந்தந்த அலுவலகத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பரின் நிலத்தில் எடுப்பதாக இருந்தால் முதலில் இலையைத் தடவிப் பாருங்கள். பால்சம்ரூட் இலை வெள்ளி பூத்தாற்போல் மெல்லிய ரோமத்தோடு இருக்கும். இலை பளபளவென்று வழவழப்பாக இருந்து, பூத்தண்டிலும் இலைகள் ஏறியிருந்தால் அது மியூல்ஸ் இயர், வேறு செடி.

பூத்தலை காய்ந்ததும் கவிழ்த்துத் தட்டினால் விதை உதிரும். ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல விதை. நசுங்கினால் பதர். ஓட்டை தெரிந்தால் உள்ளே பூச்சி சாப்பிட்டு முடித்துவிட்டது. இதில் பதரும் பூச்சி விழுந்ததும் நிறைய இருக்கும், அதனால் தேவைக்கு மேல் பல மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

2. குளிர்

பெரும்பாலோர் தோற்பது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த விதையைச் சும்மா மண்ணில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முளைக்காது. ஈரமும் குளிரும் சேர்ந்து பல வாரம் கிடைக்க வேண்டும். உலர்ந்த விதைப் பாக்கெட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் அது கணக்கில் சேராது. ஃப்ரீசரும் கூடாது.

வெர்மிகுலைட்டை (ஈரத்தைப் பிடித்துவைக்கும் லேசான கனிமத் துகள், தோட்டக் கடையில் கிடைக்கும்) நனைத்துக் கைப்பிடியாக எடுத்துப் பிழியுங்கள். சொட்டக் கூடாது, ஆனால் கை ஈரமாக வேண்டும். விதையை அதில் கலந்து ஜிப் பையில் போட்டுத் தேதி எழுதுங்கள். 1 முதல் 3 டிகிரி செல்சியஸ் நல்லது. ஃப்ரிட்ஜில் பின்பக்கத்துக் கீழ்த்தட்டு பொதுவாக அந்த அளவில் இருக்கும். பேப்பர் டவலில் சுற்றும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வேர் நாருக்குள் நுழைந்துவிடும், பிரிக்கும்போது முறியும்.

10 முதல் 12 வாரம் ஆகும். டிசம்பரில் வைத்தால் மார்ச்சில் தொட்டிக்குத் தயார். நடுவில் ஒன்றும் தெரியவில்லையே என்று வெளியே எடுத்து வெயிலில் வைத்துவிடாதீர்கள். சூட்டில் முளைக்கும் பயிர்கள் நமக்குப் பழக்கம், இது நேர் எதிர். குளிரிலேயே, பையின் உள்ளேயே வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். காரணம் அந்த நிலத்தில் இருக்கிறது. அங்கே ஈரம் என்பது பனி உருகும் காலத்து ஈரம்தான். மண் சூடாகும்வரை காத்திருந்தால் வேர் இறங்குவதற்குள் தரை காய்ந்துவிடும். அதனால் ஆறாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை பையைப் பாருங்கள். வேர் விட்டதை மட்டும் எடுத்து நடுங்கள், மீதி உள்ளேயே இருக்கட்டும்.

3. தொட்டி

அகலம் வேண்டாம், ஆழம் வேண்டும். மரக்கன்றுகளுக்கு விற்கும் 14 அங்குல உயரத் தொட்டிதான் என் தேர்வு. விதை முளைக்கவைக்க விற்கும் சின்னப் பீட் வில்லைகளை (peat pellets) வாங்காதீர்கள், வேர் ஒரே வாரத்தில் அடியைத் தொட்டுவிடும். பாதிக்குப் பாதி பியூமிஸ் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) கலந்த மண். வேர் கீழ்நோக்கி, விதை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில். தொட்டியை வீட்டுக்குள் வைக்காமல் வெளியே வெளிச்சமான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

4. ஜூன் மாதம்

முதல் வருடம் இரண்டு மூன்று இலைதான் வரும். கோடை தொடங்கியதும் அவையும் மஞ்சளாகிச் சருகாகும். செடி செத்துவிடவில்லை. மலையில் பெரிய செடிகளே ஜூலையில் தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்துதான் நிற்கும். உயிர் வேரில் இருக்கிறது. இந்த நேரத்தில் பரிதாபப்பட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். தொட்டியை நிழலுக்கு மாற்றி, மண் முழுக்கத் தூளாகிவிடாமல் எப்போதாவது லேசாக நனைத்தால் போதும்.

5. நிலத்தில்

அக்டோபரில், மழை தொடங்கும்போது, மண்ணைக் கலைக்காமல் இறக்குங்கள். தெற்குப் பார்த்த சரிவு, முழு வெயில், வடிகால் உள்ள மண். சொட்டுநீர்க் குழாய் பக்கத்தில் வேண்டாம். சுற்றிலும் சீட்கிராஸ் என்ற களைப்புல் முளைத்தால் கையால் பிடுங்குங்கள், வசந்த ஈரத்தை முதலில் குடித்து முடிப்பது அதுதான். ஒருமுறை நட்ட இடத்திலிருந்து பிறகு மாற்ற முடியாது.

பூவுக்கு ஐந்து வருடம் வைத்துக்கொள்ளுங்கள், ஏழும் ஆகலாம். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இருக்கும் செடி இது. காட்டுத்தீ மேலே உள்ளதை எரித்துப் போனாலும் அடுத்த வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும்.

பின்சேர்க்கை: பையில் பூஞ்சை வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வடிகட்டியில் போட்டு விதையை அலசி, புதிய வெர்மிகுலைட்டில் முன்பைவிடக் குறைந்த ஈரத்தோடு திரும்ப வையுங்கள். வார எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்க வேண்டாம்.

சியாட்டில் பக்கத்து வாசகர் ஒருவர் குளிர்கால மழையில் கன்றுகள் அழுகுவதாக எழுதினார். அங்கே சரளையும் மணலும் கலந்து ஓர் அடி மேடு கட்டி அதன் உச்சியில் நடுங்கள்.

ஃப்ரிட்ஜில் இடமில்லாதவர்கள் நவம்பரில் நேரடியாக நிலத்தில் விதைக்கலாம், மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும். மேலே கம்பி வலை கட்டாயம் போடுங்கள், எலியும் பறவையும் விடாது. முளை தெரிந்ததும் வலையை உயர்த்திக் கட்டுங்கள்.