யாழ்ப்பாணத்தில குடும்பத்துக்கு வீடு வாங்கப் போறீங்களா? வீட்டுக்கு முதல் அயலைப் பாருங்கோ

முதல் முதலா வீடு வாங்கப் போறவைக்குத்தான் இதை எழுதிறன், அதுவும் சின்னப் பிள்ளையள் இருக்கிற குடும்பங்களுக்கு. வீடு காட்டேக்க டைல்ஸையும் மதிலையும் புதுசா அடிச்ச பெயின்ரையும்தான் காட்டுவினம், நாங்களும் அதைப் பாத்திட்டு மனசில முடிவெடுத்திடுவம். ஆனா டைல்ஸ் பிடிக்காட்டி மாத்தலாம், கிணத்துத் தண்ணியையும் மாரியில வெள்ளம் நிக்கிற பள்ளத்தையும் பிள்ளை சைக்கிள் ஓடப் போற றோட்டையும் மாத்தேலாது. அதால முதல் இடம், பிறகு வீடு.

படி 1: எந்தப் பக்கம் எண்டு முடிவெடுங்கோ

ஒரு தாளை எடுத்து உங்கட வீட்டில ஆர் ஆர் ஒவ்வொரு நாளும் எங்க போகவேணும் எண்டு எழுதுங்கோ. வேலை, பள்ளிக்கூடம், ரியூசன், அம்மா அப்பாவின்ர கிளினிக், சந்தை. யாழ்ப்பாண ரவுணில இருந்து வெளிக்கிடுற பெரிய றோட்டுகளை வச்சுத்தான் எங்கட புறநகர் எல்லாம் இருக்கு. காங்கேசன்துறை வீதியில போனா கொக்குவில், இணுவில், மருதனார்மடம், பலாலி வீதியில திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், பருத்தித்துறை வீதியில நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், மானிப்பாய் வீதியில ஆனைக்கோட்டை, மானிப்பாய், கண்டி வீதியில அரியாலை, நாவற்குழி. இதில ஒரு றோட்டு, கூடினா ரெண்டு றோட்டை மட்டும் தெரிவு செய்யுங்கோ. எல்லாப் பக்கமும் ஓடித் திரிஞ்சா ஒரு இடத்தையும் ஆழமாப் பாக்கேலாது.

படி 2: தண்ணி

இதில அவசரப்படாதேங்கோ. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை, வழுக்கையாறும் மாரியில மட்டும்தான் ஓடும், எங்களுக்கு நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லுக்க தேங்கி நிக்கிற மழைத்தண்ணிதான் சீவியம். கடலுக்கும் களப்புக்கும் கிட்டப் போகப் போக கிணறு உவராகும், உள்ளுக்க செம்மண் பக்கம் வந்தா தண்ணி நல்ல ருசியா இருக்கும். ஆனா ருசியா இருக்கிறதெல்லாம் நல்ல தண்ணி எண்டு நம்பக்கூடாது. செம்மண் எண்டாத் தோட்டம், தோட்டம் எண்டா உரம், அந்த உரத்தில இருக்கிற நைத்திரேற் மழையோட இறங்கி கிணத்துக்கத்தான் போகுது, அதோட வீட்டு மலக்குழியள்ல இருந்து கசியிறதும் சேருது. நைத்திரேற்றுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. குடிதண்ணியில ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஆறு மாசத்துக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுத்தா இரத்தம் ஒட்சிசனைக் காவிற தன்மை குறைஞ்சு பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்க வச்சாச் சரி எண்டு கனபேர் நினைக்கினம். கொதிக்க வச்சாக் கிருமிதான் சாகும், நைத்திரேற் போகாது, தண்ணி வத்த வத்த அது இன்னும் கூடும்.

அதால வீடு பிடிச்சிருந்தா வேற எதுக்கும் முதல் கிணத்துத் தண்ணியைப் பரிசோதிக்கக் குடுங்கோ. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிட்ட விசாரிச்சா எப்பிடி, எந்தப் போத்தல்ல எடுத்துக் கொண்டுவாறது எண்டு சொல்லுவினம். நைத்திரேற், உப்பு, மலக்கிருமி மூண்டையும் பாக்கச் சொல்லுங்கோ, சுன்னாகத்தைச் சுத்தின பக்கம் எண்டா எண்ணெயையும் சேத்துக் கேளுங்கோ, 2014, 2015 காலத்தில அங்க கிணறுகளில கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை எல்லாருக்கும் தெரியும். மாரியில ஒருக்கா, ஆவணி புரட்டாதியில தண்ணி வத்தி நிக்கேக்க ஒருக்கா பாக்க முடிஞ்சா இன்னும் நல்லம். அதோட கிணத்துக்கும் மலக்குழிக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டு நீங்களே அளவுங்கோ, பக்கத்து வளவுக் குழியையும் மறக்காதேங்கோ, மதிலுக்கு அங்கால இருக்கிற குழி எங்கட கிணத்துக்கு ஆறடியில இருந்தா எங்கட வளவை மட்டும் அளந்து என்ன பிரியோசனம். 50 அடி எண்டாலும் இருக்கவேணும், எங்கட கல்லில வெடிப்பு கூட, இன்னும் தள்ளி இருந்தா நிம்மதி.

குழாய்த் தண்ணி வந்திட்டுதோ எண்டும் கேளுங்கோ. தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 இல தொடங்கினது, ஆனா எல்லா ஒழுங்கைக்கும் லைன் போகேல்லை. "வரப்போகுது" எண்டு சொன்னா அதை விலையில சேக்காதேங்கோ.

படி 3: மழைக்க போய்ப் பாருங்கோ

வைகாசியில பாக்கேக்க எல்லா வளவும் வடிவு. ஐப்பசி, கார்த்திகையில நல்லா ஒரு மழை அடிச்ச அடுத்த நாள் காலமை போங்கோ, வெள்ளம் எங்க நிக்குது, எந்தப் பக்கம் வடியுது, வாய்க்காலை ஆரும் மண் போட்டு மூடி மதில் கட்டியிருக்கினமோ எண்டு அப்பத்தான் தெரியும். மழைக்காலம் வரைக்கும் பொறுக்கேலாட்டி அயலில இருக்கிற வயசு போன ஆக்களிட்ட 2008 நிசா புயலுக்கும் 2020 புரெவிக்கும் தண்ணி எவ்வளவு வந்தது எண்டு கேளுங்கோ. மதில்ல கையை வச்சு "இவ்வளவுக்கு" எண்டு காட்டுவினம். வெள்ளம் கன நாள் நிக்கிற இடத்தில மலக்குழியும் நிரம்பும், டெங்குக் காலமும் அதே மாதங்கள்தான்.

படி 4: பள்ளிக்கூடம்

முதலாம் ஆண்டுக்கு அரச பள்ளிக்கூடத்தில சேக்கிறதுக்கு வதிவிடத்துக்குத்தான் பெரிய பங்கு. அதுக்கு வாக்காளர் இடாப்பில எத்தினை வருசம் பேர் இருக்கு, காணி உறுதி ஆற்ற பேரில, உங்கட வீட்டுக்கும் நீங்கள் கேக்கிற பள்ளிக்கூடத்துக்கும் நடுவில வேற பள்ளிக்கூடம் இருக்கோ எண்டெல்லாம் பாத்துப் புள்ளி போடுவினம். அப்ப, பிள்ளைக்கு நாலரை வயசாகேக்க வீடு வாங்கிப் போட்டு இடம் கிடைக்கும் எண்டு இருக்கேலாது, பிள்ளை பிறந்த கையோட யோசிக்கவேண்டிய விசயம் இது. கல்வி அமைச்சின்ர சுற்றுநிருபம் வருசா வருசம் வரும், புதுசை எடுத்து வாசியுங்கோ. என்ர அபிப்பிராயம், பேர்போன ரவுண் பள்ளிக்கூடத்துக்காகக் கடன் கூட்டி வாங்கிறதை விட கொக்குவில் இந்து, மானிப்பாய் இந்து மாதிரி ஒரு நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை தானே சைக்கிள்ல போய்வரக்கூடிய தூரத்தில இருக்கிறது எவ்வளவோ மேல்.

படி 5: ஒழுங்கையில நடவுங்கோ

காரில போய் இறங்காதேங்கோ. காலமை ஏழு மணிக்கு, பின்னேரம் ரியூசன் விடுற நேரம், இரவு எட்டு மணிக்கு எண்டு வேற வேற நேரத்தில பெரிய றோட்டில இருந்து வீட்டுக் கேற் வரைக்கும் நடவுங்கோ. லைற் எரியுதோ, கட்டாக்காலி நாய் எவ்வளவு, மோட்டச்சைக்கிள்காரர் ஒழுங்கைக்க என்ன வேகத்தில போகினம், அம்புலன்ஸ் உள்ளுக்க வந்து திரும்புமோ. பாழ் வளவுகளையும் கவனியுங்கோ, சொந்தக்காரர் வெளிநாட்டில இருக்க பத்தை பத்தி நிக்கிற வளவில பாம்பும் நுளம்பும் இருக்கும், சில இடத்தில பெடியள் கூடிக் குடிக்கிற இடமாவும் போயிருக்கும். கொக்குவில், கோண்டாவில், இணுவில் பக்கம் பாக்கிறவை றெயில் பாதையைக் குறுக்கால கடக்கவேணுமோ எண்டு பாருங்கோ, கடவைக்குக் காவலாளியும் தடுப்பும் இல்லாட்டி அந்த வழியால பிள்ளையைத் தனிய அனுப்ப நான் சம்மதிக்கமாட்டன். நல்லூர்க் கோயிலடி எண்டாத் திருவிழா 25 நாளும் றோட்டு மறிபடும், அது பிடிக்கிறவைக்கு அதுவே பெரிய சந்தோசம்.

படி 6: அயல்

சனசமூக நிலையத்துக்குப் போங்கோ. பேப்பர் வாசிக்கிற ஆக்கள் இருக்கினமோ, பெடி பெட்டையள் விளையாட இடம் இருக்கோ, கிட்ட முன்பள்ளி இருக்கோ எண்டு அங்கயே தெரிஞ்சிடும். பக்கத்து வீட்டுக்காரரோடயும் ஒரு பத்து நிமிசம் கதையுங்கோ, வேலிச் சண்டை இருந்தா அப்பவே வெளிய வரும். கிராம சேவகரிட்டயும் களவு, போதைப்பொருள் பிரச்சினை பற்றி வெளிப்படையாக் கேளுங்கோ, கேக்கிறதில வெக்கம் ஒண்டும் இல்லை.

படி 7: கடைசியா உறுதி

அட்வான்ஸ் குடுக்க முதல் நீங்கள் பிடிச்ச லோயரைக் கொண்டு காணிப் பதிவகத்தில அந்தக் காணியின்ர பழைய பதிவுகளைத் தேடுவியுங்கோ, விக்கிறவர் காட்டுற லோயர் வேண்டாம். காணி எத்தினை பரப்பு எண்டு சேவையரை வச்சு அளவுங்கோ (ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர்). கிணறு பங்குக் கிணறோ, ஒழுங்கை பொதுவோ இல்லாட்டி ஆற்றயும் காணிக்குள்ளால போற பாதையோ எண்டு உறுதியில எழுதியிருக்கவேணும், வாய்ப்பேச்சு எடுபடாது. பங்குக் காணி எண்டா தேசவழமைப்படி (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டம்) மற்றப் பங்காளருக்கு முதல்ல வாங்கிற உரிமை இருக்கு, அவைக்கு முறைப்படி அறிவிச்சதோ எண்டு பாருங்கோ. தேசவழமைக்குக் கீழ வாற கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர பேரில இருக்கிற சீதன வீட்டை விக்கிறதெண்டாப் புருசன்ர எழுத்துமூலச் சம்மதமும் வேணும். வெளிநாட்டில இருக்கிற அண்ணா அக்கா காசு அனுப்பி அவையின்ர பேரில எழுதச் சொன்னா, அவைக்கு இரட்டைக் குடியுரிமை இருக்கோ எண்டு முதல் கேளுங்கோ, 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணி மாத்தி எழுதிறதுக்குக் கட்டுப்பாடு இருக்கு, அதை லோயரோட கதைச்சிட்டுத்தான் காசை அனுப்பச் சொல்லவேணும்.