கலர் சார்ட்டர் போர்டுக்கு எஃப்பிஜிஏ தேர்ந்தெடுப்பது எப்படி

மன்னார்குடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டார ரைஸ் மில்களில் ஓடும் கலர் சார்ட்டர்களின், அதாவது பழுது அரிசியை நிறம் பார்த்து ஒதுக்கும் இயந்திரங்களின், போர்டுகளைச் சரிசெய்வதுதான் தொழில். குறுவை நெல் வந்து இறங்கி அரவை மும்முரமாக இருக்கும் நேரத்தில் சார்ட்டர் நின்றுவிட்டால், மில் முதலாளிக்கு ராத்திரி பத்து மணியும் பகல்தான். அப்படி ஒரு ராத்திரி வந்தது இந்தப் போர்டு. கேமரா சரியாக இருந்தது, பவர் சப்ளையும் சரி. நடுவில் இருந்த எஃப்பிஜிஏ மட்டும் போய்விட்டது. போர்டு செய்தவர்கள் அதன் தலையில் இருந்த எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

"ஏம்மா, வேற சிப் போட்டுக்கலாம்ல?" என்றார் முதலாளி. போடலாம். ஆனால் எதைப் போடுவது? பிராஜெக்டுக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகளும் அடிக்கடி இதைத்தான் கேட்கிறார்கள்: "அக்கா, சைலிங்ஸ் நல்லதா, ஆல்டெரா நல்லதா?" கம்பெனியில் தொடங்கினால் இதற்குப் பதிலே கிடைக்காது. செய்ய வேண்டிய வேலையில் தொடங்கினால் கிடைக்கும். நான் செய்தது எப்படி என்று சொல்கிறேன்.

எஃப்பிஜிஏ தெரியாதவர்களுக்கு ஒரு வரி: உள்ளே என்ன சுற்று இருக்க வேண்டும் என்பதை நாமே எழுதி ஏற்றிக்கொள்ளும் சிப் அது. 1985-இல் சைலிங்ஸ் முதலாவதைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனி 2022 முதல் ஏஎம்டி கையில் இருக்கிறது. ஆல்டெராவை 2015-இல் இன்டெல் வாங்கியது, 2025-இல் பெரும்பங்கு சில்வர் லேக்குக்குப் போனது. இந்த இரண்டோடு லேட்டிஸ், மைக்ரோசிப், கோவின், எஃபினிக்ஸ் என்று இன்னும் சிலரும் களத்தில் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு தாள்

டேட்டாஷீட்டை, அதாவது சிப்பின் விவரத்தாளை, திறப்பதற்கு முன் உங்கள் வேலையைத் தாளில் எழுதுங்கள். நான் எழுதியது இது. கேமரா ஒரு வரிக்கு 2048 பிக்சல் தருகிறது, நொடிக்கு 10,000 வரி. ஆக நொடிக்கு 2 கோடியே 4 லட்சத்து 80 ஆயிரம் பிக்சல். பிக்சலுக்கு மூன்று நிறம், நிறத்துக்கு 8 பிட். சரிவில் விழும் அரிசியில் ஒரு கறுப்பு தெரிந்தால், அது அரிசியின் பழுதா, கண்ணாடியில் ஒட்டிய தவிட்டுத் தூசியா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்குக் கடைசி 8 வரிகள் நினைவகத்தில் இருக்க வேண்டும். பழுது என்றால், அந்த அரிசி எஜெக்டர் முன்னால் வரும் கணத்தில் வால்வைத் திறந்து காற்றால் தட்டிவிட வேண்டும். மொத்தம் 64 வால்வு. அவற்றுக்கு 64 பின் ஒதுக்க வேண்டியதில்லை, ஒரே கம்பியில் வரிசையாக வரும் பிட்டுகளை எட்டுக் காலில் பிரித்துத் தரும் 595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர்கள் எட்டு போதும்.

எழுதி முடித்ததுமே ஒரு கவலை தீர்ந்தது. விளம்பரத்தில் எல்லோரும் முன்னால் நிறுத்துவது பெருக்கிகளின் எண்ணிக்கையை, அதாவது டிஎஸ்பி பிளாக்கை. எனக்கு நிறம் மாற்றும் கணக்கில் ஒரு பிக்சலுக்கு 9 பெருக்கல். கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 4.9 கிளாக் கிடைக்கிறது. முழு எண்ணாக 4 என்று வைத்தாலும் 3 பெருக்கி மாறி மாறி வேலை செய்தால் முடிந்தது. ஆகவே 15 இருக்கும் சிப்பும் 90 இருக்கும் சிப்பும் எனக்கு ஒன்றுதான். பெருக்கி எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம் என்று அப்போதே அடித்துவிட்டேன்.

எல்லா இருபதாயிரமும் ஒரே இருபதாயிரம் இல்லை

இப்போது மூன்று சிப்புகளைப் பக்கத்தில் வையுங்கள். எண்ண வேண்டியது லட்டை: உள்ளீடுகளைப் பார்த்து விடை சொல்லும் சின்ன அட்டவணை அது, சுற்றுக்குச் செங்கல் மாதிரி. சைலிங்ஸ் ஆர்ட்டிக்ஸ்-7 குடும்பத்தின் எக்ஸ்சி7ஏ35டி-இல் 20,800 லட். கோவின் ஜிடபிள்யூ2ஏ-18-இல் 20,736 லட். ஆல்டெரா சைக்ளோன் 4 குடும்பத்தின் இபி4சிஇ22-இல் 22,320 லாஜிக் எலிமென்ட் (எல்இ), ஒவ்வொன்றிலும் ஒரு லட். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒரே எடை. ஆனால் முதலாவதில் ஒரு லட்டுக்கு 6 உள்ளீடு, மற்ற இரண்டிலும் 4. ஆறு உள்ளீடு என்றால் 64 வரிசை கொண்ட அட்டவணை, நான்கு என்றால் 16 மட்டும். மூட்டை என்றதும் எத்தனை கிலோ மூட்டை என்று கேட்காமல் நெல் வாங்குவோமா? இங்கேயும் அதைக் கேட்டாக வேண்டும்.

இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் சைலிங்ஸ் தன் லட் எண்ணிக்கையை 1.6-ஆல் பெருக்கி, 33,280 லாஜிக் செல் என்று போடுகிறது. பெயரில் உள்ள 35 அந்த எண்ணிலிருந்து வருவது. அந்த 1.6 உங்கள் சுற்றுக்குப் பொருந்துமா என்பது அதற்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ் என்றால் 6 உள்ளீட்டு லட் ஒன்று போதும், 4 உள்ளீட்டில் இரண்டு வேண்டும். அங்கே சைலிங்ஸுக்கு லாபம். கூட்டலோ அளவு ஒப்பீடோ என்றால் கேரி வரிசையில், அதாவது மீதியை அடுத்த பிட்டுக்குக் கடத்தும் தொடரில், பொதுவாகப் பிட்டுக்கு ஒரு லட் போகும். என் சார்ட்டர் கணக்கில் பாதிக்கு மேல் கூட்டலும் ஒப்பீடும்தான். அதனால் 1.6-ஐ விட்டுவிட்டு ஒன்றுக்கு ஒன்று என்றே வைத்துக்கொண்டேன்.

ஒரு பிட்டைப் பிடித்து வைத்திருக்கும் ஃபிளிப்-ஃபிளாப்பையும் பாருங்கள். எக்ஸ்சி7ஏ35டி-இல் 41,600, ஜிடபிள்யூ2ஏ-18-இல் 15,552. நீளமான பைப்லைன் போடுகிறவர்களுக்கு, அதாவது கணக்கைப் பல கட்டமாகப் பிரித்து ஓட்டுகிறவர்களுக்கு, இது லட்டைவிட முக்கியம். ஆல்டெராவின் சைக்ளோன் 5 போன்றவற்றில் எல்இ எண்ணை விட்டு, ஏஎல்எம் என்ற லாஜிக் கட்டங்களின் எண்ணைத் தேடிப் பிடியுங்கள், சிப்பில் உண்மையாக இருப்பது அதுதான். பழைய சிப்புகளில் 'கேட்' கணக்கு வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். 5 லட்சம் கேட் என்று பெயர் பெற்ற, சைலிங்ஸின் ஸ்பார்ட்டன்-3இ சிப்பில் இருக்கும் லட் 9,312.

நினைவகத்தைப் பிட்டில் அளக்காதீர்கள்

பலர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். எனக்கு வேண்டியது 8 வரி, 3 நிறம், 2048 பிக்சல், 8 பிட். பெருக்கினால் 3,93,216 பிட். இபி4சிஇ10-இன் டேட்டாஷீட்டில் 414 கிலோபிட், அதாவது 4,23,936 பிட் இருக்கிறது. தாராளமாக இடம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அது ஒரே குளம் இல்லை. எம்9கே என்ற 46 தனித்தனிக் குட்டைகள். ஒரு குட்டையை 8 பிட் அகலத்தில் வைத்தால் ஆழம் 1024 தான். என் ஒரு வரிக்கு 2048 வேண்டும், ஆக வரிக்கு 2 குட்டை, மூன்று நிறத்துக்கும் சேர்த்து 24 வரிக்கு 48. இருப்பதோ 46. பிட் கணக்கில் இடம் மிச்சம், பிளாக் கணக்கில் இரண்டு குறைகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. 24 வரிகளுக்கும் ஒரே முகவரி என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து 192 பிட் அகலமுள்ள ஒரே ராம் என்று எழுதலாம். எம்9கே 9 பிட் அகலமும் தரும். 192-ஐ 9-ஆல் வகுத்தால் 21-க்குக் கொஞ்சம் மேல், ஆக அகலத்துக்கு 22, ஆழத்துக்கு இரண்டு, மொத்தம் 44. பொருந்திவிட்டது. ஆனால் மிச்சம் இரண்டே பிளாக். வால்வுத் தாமதத்துக்கும், வந்த வரிசையிலேயே தரவை வெளியே விடும் ஃபைஃபோவுக்கும் அதுவே போக வேண்டும், நாளைக்கு முதலாளி இன்னொரு கேமரா கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். கோவின் ஜிடபிள்யூ1என்ஆர்-9-இல் 18 கிலோபிட் பிளாக் 26 இருக்கிறது, வரிக்கு ஒன்று வீதம் 24 போய் அங்கேயும் இரண்டுதான் மிச்சம். லேட்டிஸ் ஐஸ்40 எச்எக்ஸ்8கே-இல் மொத்தமே 128 கிலோபிட், அதைக் கீழே வைத்துவிட்டேன். எக்ஸ்சி7ஏ35டி-ஐ 18 கிலோபிட் கணக்கில் எண்ணினால் 100 பிளாக். லேட்டிஸ் இசிபி5-25-இல் 56. இபி4சிஇ15-இல் எம்9கே 56, என் 48 போக எட்டு மிச்சம்.

ஒரே வெரிலாக்கை எல்லாவற்றிலும் ஓட்டிப் பாருங்கள்

வெரிலாக் என்பது சுற்றை எழுதும் மொழி. சிப்பும் போர்டும் வாங்காமலேயே இதைச் செய்யலாம். சைலிங்ஸுக்கு விவாடோவின் இலவசப் பதிப்பு, ஆல்டெராவுக்குக் குவார்டஸ் பிரைம் லைட், கோவினுக்கு எஜுகேஷன் பதிப்பு, லேட்டிஸின் ஐஸ்40-க்கும் இசிபி5-க்கும் யோசிஸ், நெக்ஸ்ட்பிஎன்ஆர் என்ற திறந்த மென்பொருள். விவாடோ இறங்க நேரமாகும், நல்ல லைன் இருக்கும் இடத்தில் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் எழுதும் நிரல் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. கம்பெனி தரும் ரெடிமேட் சுற்று (ஐபி) எதையும் நடுவில் வைக்காதீர்கள். கிளாக்கை உண்டாக்கும் பிஎல்எல் ஒரு தனிக் கோப்பிலும், ராம் இன்னொரு கோப்பிலும் இருக்கட்டும். மற்றதெல்லாம் சாதாரண வெரிலாக். அவுட்புட்டைப் பின்னில் இணைக்க மறக்காதீர்கள். இணைக்காவிட்டால், இந்தச் சுற்றுக்கு வேலையில்லை என்று மென்பொருள் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு மூன்றே லட் என்று காட்டும். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, கோவின் சூப்பர்!" என்று ஓடி வந்தான்.

வேகத்தைப் பார்க்கும்போது இன்னொன்று. 100 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் மென்பொருள் அதை எட்டியதும் முயற்சியை நிறுத்திவிடும். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இதுதான் சிப்பின் உச்சம் என்று எழுதாதீர்கள். 110, 120, 130 என்று கேட்டுக்கொண்டே போய் எங்கே தோற்கிறது என்று பாருங்கள். சீட் எண் (மென்பொருள் தன் தேடலைத் தொடங்கும் எண்) மாற்ற வழியிருந்தால் அதை மாற்றி நான்கைந்து முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் ஆடும். அதில் மோசமானதைத் தாளில் எழுதுங்கள்.

சித்திரை வெயிலில் தெரிந்த தவறு

சிப்பின் முழுப் பெயரில் வேகத் தரத்துக்கு என்று ஒரு எண் உண்டு. சைலிங்ஸில் 1 மெதுவானது, 3 வேகமானது. இசிபி5-இல் 6, 7, 8 என்று போய் 8 வேகமானது. சைக்ளோன் 4-இல் அப்படியே தலைகீழ்: 6 வேகம், 8 மெதுவு.

எனக்கு அது அப்போது தெரியாது. என் முதல் போர்டுக்கு மென்பொருளில் சி6 என்று தேர்ந்தெடுத்துக் கம்பைல் செய்தேன். மெதுவானதில் பாஸ் ஆனால் வேகமானதில் ஓடத்தானே செய்யும் என்று சி8-ஐ வாங்கினேன். பட்டறையில் ஓடியது, மில்லில் ராத்திரியும் ஓடியது. சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், கழிவுத் தொட்டியில் வெள்ளை வெளேரென்று நல்ல அரிசி விழத் தொடங்கியது. சாயங்காலமானால் நின்றுவிடும். மூன்று நாள் கேமராவைக் கழற்றிக் கழற்றித் துடைத்தேன். நான்காம் நாள் கூலிங் ஸ்ப்ரேயை சிப்பின் மேல் அடித்ததும் கழிவு நின்றது. அப்போதுதான் அந்த வேகத் தர எண்ணைத் தேடிப் படித்தேன்.

அதனால் வாங்கப்போகும் சிப்பின் முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து மென்பொருளில் கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். டைமிங்கை சூடான, மெதுவான நிலையில் பாருங்கள். குவார்டஸில் 85 டிகிரி ஸ்லோ மாடல் என்று தனியாகவே இருக்கும். சாதாரணத் தரச் சிப்பில் உள்சூடு 0 முதல் 85 டிகிரி வரை, இண்டஸ்ட்ரியலில் மைனஸ் 40 முதல் 100 வரை. பாய்லர் பக்கத்தில், உமித் தூசி ஃபேனை அடைக்கும் இடத்தில், இண்டஸ்ட்ரியல்தான் போட வேண்டும்.

கரண்ட் போய்த் திரும்பும்போது

பெரும்பாலான எஃப்பிஜிஏக்கள் கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்ப வந்ததும் வெளியே இருக்கும் ஃபிளாஷிலிருந்து படிக்க வேண்டும். எக்ஸ்சி7ஏ35டி-க்கு அது 1,75,36,096 பிட். ஒற்றைக் கம்பியில் 3 மெகாஹெர்ட்ஸில் படித்தால் ஏறக்குறைய ஆறு நொடி. நான்கு கம்பியில் 33 மெகாஹெர்ட்ஸ் என்று அமைத்தால் நொடியில் ஏழில் ஒரு பங்கு. மேக்ஸ் 10, மேக்எக்ஸ்ஓ2, ஜிடபிள்யூ1என் இவற்றில் ஃபிளாஷ் உள்ளேயே இருக்கிறது, மைக்ரோசிப்பின் போலார்ஃபயருக்கு இப்படிப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

அந்த இடைவெளியில் பின்கள் என்ன செய்கின்றன என்று கட்டாயம் பாருங்கள். சைக்ளோன் 4-இல் அவை பலவீனமான புல்-அப்போடு, அதாவது மேலே இழுக்கும் ரெசிஸ்டரோடு, மேலே (1 என்ற நிலையில்) நிற்கும். என் முதல் போர்டில் 595-இன் எனேபிளை, அதாவது அவுட்புட்டைத் திறக்கும் காலை, ஒரு டிரான்சிஸ்டர் வழியாகத் திருப்பியிருந்தேன், மேலே போனால் அவுட்புட் திறக்கும்படி. கரண்ட் வந்த கணமே ரெஜிஸ்டரில் கிடந்த குப்பையெல்லாம் வால்வுக்குப் போய், அத்தனையும் சடசடவென்று அடித்தன. பக்கத்தில் நின்ற அக்கா முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார். இப்போது டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு எனேபிளை நேராக இணைத்து, 10 கிலோ ஓம் புல்-அப்பும் வைத்திருக்கிறேன். சிப் முழித்து அந்தக் காலைக் கீழே இறக்கும்வரை வால்வு வாயைத் திறக்காது.

கையால் பற்றவைக்க முடியுமா

ஆர்ட்டிக்ஸ்-7 எல்லாமே பிஜிஏ, அடியில் ஈய உருண்டைகள்தான், காலே வெளியில் தெரியாது. அந்த உருண்டைகளைப் பற்றவைக்கும் ரீபால் ஸ்டேஷன் இல்லாத பட்டறைக்கு, வேண்டாம் என்று சொல்ல இது ஒன்றே போதும். இபி4சிஇ15 144 கால் பேக்கேஜில் கிடைக்கிறது, அயர்ன் போதும். ஆனால் வயிற்றின் அடியில் ஒரு பேட் உண்டு, அது கிரவுண்டில் சேர வேண்டும். போர்டில் அதற்கு நேராக ஒரு ஓட்டை விட்டுப் பின்பக்கத்திலிருந்து ஈயம் ஊற்றுகிறேன். மென்பொருள் எவ்வளவு பழசு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பார்ட்டன்-6-க்கு வேண்டிய ஐஎஸ்இ என்ற மென்பொருள் 2013-இன் 14.7 பதிப்போடு நின்றுவிட்டது.

இத்தனையும் பார்த்து நான் எடுத்தது இபி4சிஇ15, ஐ7, அதாவது இண்டஸ்ட்ரியல், வேகத் தரம் 7. உங்கள் தாளில் வேறு எண்கள் இருந்தால் வேறு சிப் வரும்.

போர்டை ஏற்றிய பிறகு ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கழிவுத் தொட்டியிலிருந்து 100 கிராம் எடுத்துத் தட்டில் பரப்பி, அதில் நல்ல அரிசி எத்தனை என்று எண்ணுங்கள். அதே லாட் ஓடும்போது ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு தட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மூடியைப் போட்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள்.