பரிஸ்டர் பிடித்தாயிற்று, அப்பீலைப் போடுவது யார்?

இங்கிலாந்தில் அசைலம் (அகதித் தஞ்சம்) மறுக்கப்பட்டு, அப்பீல் போட லோயர் தேடும் நம்மவர்களுக்கு இது. ஊரில் வயதானவர்கள் இன்றைக்கும் "அப்புக்காத்து", "பிரக்கிராசி" என்று இரண்டு பேராகப் பிரித்துத்தான் சொல்வார்கள். பிரக்கிராசி தாள் எழுதி, கோட்டில் பதிந்து, தவணை பார்ப்பவர். அப்புக்காத்து நீதிபதிக்கு முன்னால் எழும்பி நின்று பேசுபவர். இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்தப் பிரிவு போய் எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். இந்தியாவிலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் அட்வகேட்தான். வக்காலத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தப் பழைய பிரிவு இன்னும் இருக்கிறது. சொலிசிற்றர்தான் இங்கத்தைய பிரக்கிராசி, பரிஸ்டர் அப்புக்காத்து. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாம் விளங்கும். (ஸ்கொட்லாந்தில் முறை வேறு. இது அங்கே இருப்பவர்களுக்குப் பொருந்தாது.)

பரிஸ்டரிடம் போக இரண்டு வழி. சொலிசிற்றரை வைத்தால் அவரே பொருத்தமான பரிஸ்டரைப் பிடித்துத் தருவார். அல்லது 2004இல் வந்த பப்ளிக் அக்செஸ் முறையில் நேராக நீங்களே போகலாம். ஒரு செலவு மிச்சம் என்று பலர் இரண்டாவது வழியைப் பிடிக்கிறார்கள். ஆனால் அசைலம் கேஸ்காரர் முதலில் லீகல் எய்ட் (அரசு செலவில் சட்ட உதவி) கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். அசைலத்துக்கு இன்னும் லீகல் எய்ட் உண்டு. 2013 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது பெரும்பாலும் மற்றைய இமிகிரேஷன் கேஸ்களுக்கான உதவி. பப்ளிக் அக்செஸில் போகும் பரிஸ்டர் லீகல் எய்டில் வேலை செய்ய முடியாது. லீகல் எய்ட் ஒப்பந்தம் உள்ள சொலிசிற்றர் வழியாகப் போனால் அதே தரமான பரிஸ்டர் உங்கள் கைக்காசு போகாமல் வருவார். இது தெரியாமல் நகையை அடகு வைத்துக் காசு கட்டியவர்கள் எத்தனையோ பேர். நினைத்தால் வயிறு எரிகிறது.

இனி, ஆட்கள் விழுகிற குழி. ஹோம் ஒஃபிஸ் (உள்துறை அமைச்சு) மறுப்புக் கடிதம் 3ஆம் திகதி அனுப்பப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இந்த நாட்டுக்குள் இருந்தால் அப்பீல் போட 14 நாள். அந்த 14 நாள் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடுவதில்லை, அனுப்பிய நாளிலிருந்து ஓடுகிறது. 17ஆம் திகதிக்குள் அப்பீல், அதை விசாரிக்கும் ட்ரைபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 7ஆம் திகதி கடிதத்தைப் பார்க்கிறீர்கள். 9ஆம் திகதி பப்ளிக் அக்செஸில் நேராக ஒரு பரிஸ்டரோடு கதைக்கிறீர்கள், காசு கட்டுகிறீர்கள். அவர் நல்லவர், கெட்டிக்காரர், அப்பீல் காரணங்களை அருமையாக எழுதி 15ஆம் திகதி மின்னஞ்சலில் அனுப்புகிறார். லோயர் வைத்தாயிற்று என்று நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். 17 போய்விடுகிறது. அப்பீலை யாருமே போடவில்லை.

பரிஸ்டர் ஏமாற்றவில்லை. அப்பீலைப் பதிவது, எதிர்த்தரப்புக்குத் தாள் அனுப்புவது, உங்கள் சார்பில் பதிவேட்டில் நிற்பது எல்லாம் "கொண்டக்ட் ஒஃப் லிட்டிகேஷன்" (வழக்கைப் பதிந்து கொண்டு நடத்துவது) என்ற தனி அனுமதிக்குள் வரும் வேலைகள். பெரும்பாலான பரிஸ்டர்களுக்கு அந்த அனுமதி இல்லை. அவர் ஆலோசனை சொல்லலாம், எழுதித் தரலாம், விசாரணையில் வந்து பேசலாம். அதை ட்ரைபியூனலில் பதிவது உங்கள் பொறுப்பு. வேலை தொடங்க முன்னர் அவர் அனுப்பும் கிளையன்ட் கெயார் கடிதத்திலும் இது எழுதியிருக்கும். ஐந்தாறு பக்க ஆங்கிலத்தில், என்ன செய்வேன் என்ற பட்டியலுக்குக் கீழே, எதைச் செய்ய மாட்டேன் என்று ஒரு பந்தி. ஆட்கள் கட்டணம் எழுதிய பக்கத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிட்டு இந்தப் பந்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பந்தியை ஆங்கிலம் தெரிந்த ஒருவரைக் கொண்டு சொல்லுக்குச் சொல் வாசிப்பியுங்கள். பிறகு மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பீலைப் பதிவது நீங்களா, நானா? கடைசித் திகதி என்ன?" பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

யாரைப் பிடிப்பது? "எனக்கு ஒரு பரிஸ்டரைத் தெரியும்" என்று கடையிலும் கோயிலிலும் சொல்பவரின் பேச்சை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். பரிஸ்டர்களைக் கண்காணிக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் இணையப் பக்கத்தில் பரிஸ்டர் பதிவேடு இருக்கிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயரைத் தட்டினால் இப்போது தொழில் செய்ய அனுமதி இருக்கிறதா, பப்ளிக் அக்செஸ் எடுக்கலாமா, லிட்டிகேஷன் அனுமதி உண்டா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நடந்ததா என்று வரும். அனுமதி வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. போன வருடம் பார்த்தது இந்த வருடத்துக்கு ஆகாது. நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இன்னொன்று: ஊரில் பெயருக்குப் பின்னால் "பார்-அட்-லோ" (பரிஸ்டர் பட்டம்) என்று இருந்தால் பெரிய மரியாதை. இங்கே பரிஸ்டர் பட்டம் கொடுக்கும் லண்டன் சங்கங்களான லிங்கன்ஸ் இன்னிலோ கிரேஸ் இன்னிலோ பட்டம் வாங்கியது மட்டும் வழக்கு நடத்தும் உரிமையைத் தராது. தொழில் அனுமதி இல்லாதவர் சட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும்போது தன்னைப் பரிஸ்டர் என்று சொல்லிக்கொள்வதே விதிக்கு மாறு.

பரிஸ்டரும் இல்லை, சொலிசிற்றரும் இல்லை, ஆனால் இமிகிரேஷன் ஆலோசனை சொல்கிறார் என்றால் அவர் பொதுவாக இமிகிரேஷன் அட்வைஸ் ஒதோரிட்டியில் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று இருந்தது இதுதான். பதிவில்லாமல் ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பொருத்தம் பார்க்க விளம்பரத்தை விட நல்ல வழி ஒன்று உண்டு. முதல் ட்ரைபியூனலுக்கு மேலே இருக்கும் அப்பர் ட்ரைபியூனலின் இமிகிரேஷன் தீர்ப்புகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. "ஸ்ரீலங்கா" என்று தேடி, உங்கள் கேஸ் போலவே இருக்கும் இரண்டு மூன்றைத் திறவுங்கள். மேலே, தீர்ப்பு தொடங்க முன்னர், அப்பீல்காரருக்காகப் பேசிய பரிஸ்டரின் பெயரும் பெரும்பாலும் அவரை அமர்த்திய சொலிசிற்றர் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்தப் பெயர்களை எழுதி எடுத்துப் பதிவேட்டில் சரிபாருங்கள். பெயருக்குப் பின்னால் கேசி (மூத்த பரிஸ்டருக்குக் கொடுக்கும் பட்டம்) என்று இருப்பவர்தான் வேண்டும் என்றில்லை. முதல் விசாரணைக்கு இலங்கை அசைலம் கேஸ்களில் பழகிய ஜூனியர் ஒருவர் தாராளமாகப் போதும்.

முதல் சந்திப்பில் ஒன்று கேட்டுப் பாருங்கள். இங்கே ஆர்ப்பாட்டத்துக்குப் போனது, அமைப்பில் வேலை செய்தது உங்கள் கேஸில் இருந்தால், 2021இல் வந்த கேகே அன்ட் ஆர்எஸ் தீர்ப்பு உங்களுக்கு எப்படிப் பொருந்தும்? புலம்பெயர் அரசியல் செயற்பாடுகள் பற்றிய வழிகாட்டித் தீர்ப்பு அது. 2013இன் ஜிஜே தீர்ப்பைத் தெளிவுபடுத்தியதும் அதுதான். இலங்கைக் கேஸ் செய்கிறவர் இதற்குத் தடுமாற மாட்டார். தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.

காசுக் கதை பரிஸ்டரோடு அல்ல, சேம்பர்ஸில் (பரிஸ்டர்களின் அலுவலகத்தில்) இருக்கும் கிளார்க்கோடு. கிளார்க் என்றதும் ஊர்க் கந்தோர் கிளாக்கர் என்று நினைத்துவிட வேண்டாம். பரிஸ்டரின் நாட்குறிப்பும் கட்டணமும் அவர் கையில்தான். சந்திப்புக்கு எவ்வளவு, ஸ்கெலிற்றன் ஆர்கியுமென்ட் (வாதத்தின் எழுத்துச் சுருக்கம்) எழுத எவ்வளவு, விசாரணை நாளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். 20 சதவீத வாற் வரி சேர்த்தா சேர்க்காமலா, விசாரணை தள்ளிப்போனால் கட்டிய காசுக்கு என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். அந்தப் பரிஸ்டருக்கு அன்று வேறு கோட்டில் வழக்கு இழுபட்டால் வேறொருவர் வருவார். அப்படி வந்தால் எத்தனை நாளுக்கு முன் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விசாரணைக் காலை வாசலில் முன்பின் தெரியாத முகத்தைப் பார்த்து நடுங்குவது கொடுமை. இன்னொன்று: பரிஸ்டர் தன் கட்டணத்தை வாங்கலாம், கட்சிக்காரரின் வேறு காசைக் கையில் வைத்திருக்க முடியாது. ஹோம் ஒஃபிஸ் கட்டணத்தையும் என்னிடமே போடுங்கள் என்று ஒருவர் கேட்டால் அங்கேயே நில்லுங்கள்.

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளரை ட்ரைபியூனலே இலவசமாகத் தரும். ஆனால் அவர் நீதிமன்றத்துக்கானவர், உங்கள் பரிஸ்டரோடு நீங்கள் தனியாகக் கதைக்க உதவ மாட்டார். அதற்கு நீங்கள்தான் ஒருவரை ஒழுங்கு செய்ய வேண்டும். மச்சானையோ மாமாவையோ கூட்டிப் போகாதீர்கள். சிறையில் நடந்ததை, உடம்பில் நடந்ததைச் சொந்தக்காரர் முன்னால் சொல்ல வாய் வராது. சொல்லாமல் விட்டதை ஹோம் ஒஃபிஸ் தரப்பு பிறகு பொய்க்கு அடையாளமாகக் காட்டும்.

சேவையில் குறை என்றால் முதலில் சேம்பர்ஸுக்கு எழுத்தில் முறைப்பாடு. எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், லோயர்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். ஆனால் முறைப்பாடு போட்டதற்காக அப்பீல் கெடு நிற்காது. 14 நாள் ஏற்கெனவே தாண்டிவிட்டதென்றால், அப்பீலை அன்றைக்கே போட்டு, அதோடு கால நீடிப்பு வேண்டும் என்றும் பிந்திய காரணம் இன்னது என்றும் எழுதி, பரிஸ்டரோடு நடந்த மின்னஞ்சல்களைத் திகதியோடு இணைத்து அனுப்புங்கள்.