வான்கோமைசின், அமிக்காசின் ஏறும்போது கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது

வார்டில் உங்கள் ஆளுக்கு வான்கோமைசினோ அமிக்காசினோ ஜென்டாமைசினோ (மூன்றும் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக் ஊசிகள்) ஏறுகிறது என்றால், "இதுக்கு ரத்தத்துல லெவல் பார்ப்பீங்களா சார்?" என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இந்த மூன்றும் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகம் கொஞ்சம் மந்தமானாலும் மருந்து ரத்தத்தில் தங்கி, அந்தச் சிறுநீரகத்தையே மேலும் கெடுக்கும், காதையும் விடாது. வயதானவர், சர்க்கரைக்காரர், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏற்கெனவே கூடியவர் என்றால் கட்டாயம் கேளுங்கள். ஓரிரு நாளில் முடிகிற ஊசி, சிறுநீரகமும் நன்றாக இருக்கிறது, லெவல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அதுவும் நியாயம்தான்.

லெவல் என்பது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அறிய நேரம் பார்த்து எடுக்கிற ரத்தப் பரிசோதனை. வான்கோமைசினுக்கு வழக்கமாக அடுத்த டோஸுக்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள், பெரும்பாலும் நான்காவது டோஸுக்கு முன் எடுப்பார்கள். காலை 8, இரவு 8 என்று ஏறுகிறதா, 7.30க்கு ரத்தம். ஷிஃப்ட் மாறுகிற நேரமும் அதுதான், குழப்பமே அங்கேதான். போகிற சிஸ்டர் 7.15க்கே ட்ரிப்ஸை மாட்டிவிட்டு, வருகிற சிஸ்டர் 8 மணிக்கு ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட்டில் எண் எகிறும், டாக்டர் டோஸைக் குறைப்பார், கிருமிக்குக் கொண்டாட்டம். அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் ட்ரிப்ஸ் ஆரம்பித்தது, முடிந்தது, ரத்தம் எடுத்தது மூன்றையும் மணி நிமிடத்தோடு எழுதுங்கள். மருந்து இடது கையில் ஏறினால் ரத்தம் வலது கையில் எடுக்கச் சொல்லுங்கள், ஏறுகிற ஊசி வழியாகவே இழுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சின்ன நர்சிங் ஹோம் என்றால் சாம்பிள் வெளி லேபுக்குப் போக வாய்ப்புண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சாம்பிள் கொண்டுபோகிற பைக் நின்றுவிட்டால் நின்றுவிட்டதுதான், ஆனால் குழாயில் எழுத வேண்டியது ரத்தம் எடுத்த நேரம், லேபில் வாங்கிய நேரம் அல்ல. ரிப்போர்ட் எப்போது வரும், அதுவரை அடுத்த டோஸ் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்களைப் பொறுத்தவரை, அடுத்த டோஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் வான்கோமைசின் மில்லிக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்பது பழைய கணக்கு, 20ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடும். 2020 முதல் எம்.ஆர்.எஸ்.ஏ. (வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஒரு கிருமி) போன்ற கடுமையான தொற்றுக்கு, நாள் முழுக்க ரத்தத்தில் இருந்த மருந்தைக் கூட்டிக் கணக்கிட்டு 400 முதல் 600க்குள் வைக்கச் சொல்கிறார்கள், இது வேறு கணக்கு, மேலே சொன்ன 20ஓடு ஒப்பிடாதீர்கள். ஜென்டாமைசினை ஒரு நாளைக்கு ஒரே டோஸாகப் போட்டால், அடுத்த டோஸுக்கு முன் மில்லிக்கு 1 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்திருக்க வேண்டும். எண்ணை வைத்து நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள், டாக்டர் டோஸைக் குறைப்பார் அல்லது இடைவெளியைக் கூட்டுவார்.

லெவல் சரியாக இருந்தாலும் காதைக் கவனியுங்கள். அமிக்காசின் முதலில் கீச்சென்ற சத்தங்களைத்தான் பறிக்கும், அதனால் பேச்சு நன்றாகக் கேட்பது போலவே இருக்கும். காதில் இரைச்சல், பாத்ரூம் போகையில் தள்ளாட்டம் என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். சிறுநீரகம் பெரும்பாலும் தேறிவிடும், இந்த ஊசியால் போன காது பெரும்பாலும் திரும்பாது. சிறுநீர் குறைகிறதா என்றும் பாருங்கள். உடம்பு வலிக்கிறது என்று வெளி மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகத்துக்கு இரண்டு பக்கமும் அடி.