கோடியக்கரையில் முதல் தடவை: மானும் பறவையும் பார்க்கப் போகிறவர்களுக்கு

"கோடியக்கரைக்கா? தை அமாவாசைதான் முடிஞ்சுபோச்சே!" என்றார் அம்மா.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் கோடியக்கரை என்றால் அமாவாசைக் கடல் முழுக்கு, வேதாரண்யம் கோயில், திரும்பும்போது ஒரு பை கருவாடு. அதற்கு மேல் அங்கே என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான். அந்தமானுக்குப் போய்க் காடும் கடலும் பார்க்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வருஷம், கூட வேலை பார்க்கும் நண்பர் சொன்னார்: "தீவெல்லாம் அப்புறம் பார்க்கலாம்ப்பா. முதல்ல பஸ் போற தூரத்துல இருக்கிறதைப் பாரு."

அதன்பிறகு பலமுறை போய்வந்துவிட்டேன். முதல் இரண்டு பயணம் வீண். அந்த இரண்டிலும் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இது.

கொஞ்சம் இடத்தைப் பற்றி. காவிரி டெல்டாவின் தென்கிழக்கு முனையில், வங்காள விரிகுடாவும் பாக் நீரிணையும் சேரும் மூக்கு கோடியக்கரை. வெளிமான்களுக்காக 1967-ல் சரணாலயம் ஆனது. காடு, புல்வெளி, வேதாரண்யம் சதுப்பு, உப்பளம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர், 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் வந்தது. புலி, சிறுத்தை எதுவும் கிடையாது. அதனால் குழந்தைகளோடு போகலாம். அதனாலேயே சிலர் ஏமாந்தும் திரும்புகிறார்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் பயணம் மே மாதம், பிள்ளைகளுக்கு லீவு என்பதால். சதுப்பு முழுக்கக் காய்ந்து, வெடித்து, கானல் அலைந்துகொண்டிருந்தது. பார்த்தது நாலு மட்டக் குதிரை, ஒரு குரங்குக் கூட்டம்.

வடக்கிலிருந்து பறவைகள் அக்டோபரிலேயே வந்து இறங்க ஆரம்பிக்கும். ஆனால் அக்டோபர், நவம்பர் நமக்கு மழையும் புயலும். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். அந்தக் காட்டில் விழுந்த மரங்களைப் பார்த்தவர்கள் நவம்பரில் டிக்கெட் போட மாட்டார்கள். என் கணக்குப்படி டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரைதான் புதியவர்களுக்கு ஏற்ற காலம். மழை விட்டிருக்கும், சதுப்பில் தண்ணீர் நிற்கும், வெயில் சுடாது. அமாவாசை நாளை மட்டும் விட்டுவிடுங்கள். அன்றைக்குக் கூட்டம் கடலுக்கு வரும், ஹாரன் சத்தம் காட்டுக்குள் வரும்.

படி 2: ஆளைப் பிடியுங்கள்

இரண்டாவது தடவை காசு கொடுத்து "வழிகாட்டியுடன் சுற்றுலா" என்று ஒரு இடத்தில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம். வந்தவர் நல்ல டிரைவர், நல்ல மனிதர். கோயில் தலபுராணம் அத்தனையும் தெரியும். மானைப் பார்த்ததும் நமக்குக் காட்டுவதற்காக ஹாரன் அடித்தார். மான் நின்ற இடத்தில் புழுதிதான் இருந்தது.

உங்களுக்கு வேண்டியது அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் காட்டிலேயே நடந்து பழகிய ஆள். முதலில் வனத்துறையிடம் கேளுங்கள். சரணாலயத்துக்கான வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் நாகப்பட்டினத்தில் இருக்கிறது. உள்ளே போக அனுமதி, தங்க இடம், கூட வர ஆள் என மூன்றையும் ஒரே பேச்சில் முடித்துக்கொள்ளலாம். போவதற்கு நாலைந்து நாள் முன்பே பேசிவிடுங்கள். நேரே வாசலில் போய் நின்று "ரூம் இருக்கா" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் இல்லை.

ஆள் சரியானவரா என்று தெரிந்துகொள்ள நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "அண்ணே, காலையில எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" ஒன்பது மணி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 3: பைனாகுலரை வீட்டிலேயே பழகுங்கள்

இதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். புது பைனாகுலரை உறை பிரிக்காமல் கொண்டுவந்து, பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டத்துக்கு முன்னால் நின்று திருகிக்கொண்டிருப்பார்கள்.

வாங்குவதாக இருந்தால் 8க்கு 42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். கடைக்காரர் பதினாறு மடங்கு, இருபது மடங்கு என்று ஆசை காட்டுவார். பறவை எத்தனை மடங்கு பெரிதாகிறதோ உங்கள் கைநடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்.

சரிசெய்வது இப்படி. தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பாருங்கள். வலப்பக்கக் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு, நடுவில் இருக்கும் சக்கரத்தைத் திருகி, இடது கண்ணுக்கு எழுத்து தெளிவாகத் தெரியும்படி வையுங்கள். இப்போது இடப்பக்கத்தை மூடுங்கள். நடுச்சக்கரத்தைத் தொடக்கூடாது. வலது கண் வைக்கும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகி அதே எழுத்தை வலது கண்ணுக்கும் தெளிவாக்குங்கள். இரண்டு கண்ணுக்கும் பவர் வேறாக இருப்பதைச் சரிசெய்யத்தான் அந்த வளையம். அது நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு நடுச்சக்கரம் மட்டும்தான் வேலை. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பை உள்ளே அழுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூக்குகிற பழக்கம். பறவையை வெறும் கண்ணால் பாருங்கள். பார்வையை எடுக்காமல், தலையைக் குனியாமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் வானம் மட்டும்தான் தெரியும். கரண்டுக் கம்பியில் உட்காரும் கரிச்சான் மேல் ஒரு வாரம் பழகுங்கள். அது பறந்து பூச்சி பிடித்துவிட்டு அதே இடத்துக்கே திரும்பி வரும். இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடைக்காது.

தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வடுவூர் ஏரிக்குப் போய் ஒத்திகை பார்க்கலாம். அதுவும் 2022-லிருந்து ராம்சார் ஈரநிலம்தான்.

படி 4: கிளம்புதல்

திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம். அங்கிருந்து கோடியக்கரைக்கு பஸ் இருக்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் 2023-ல் மறுபடி ஓட ஆரம்பித்தது. அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் வழியிலேயே இருக்கிறது. திருச்சியிலிருந்து ராஜாஜி நடந்து வந்து உப்பெடுத்த இடம். ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

உடுப்பு: காக்கி, சாம்பல், மங்கல் பச்சை. வெள்ளைச் சட்டை வேண்டாம். முழுக்கால் பேண்ட், அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். மான் மேயும் புல்லில் உண்ணி இருக்கும். சாப்பாட்டை வண்டிக்குள்ளேயே வைத்துச் சாப்பிடுங்கள். என் மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலம் ஒன்றை, நான் மூடியைத் திறந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் குரங்கு கொண்டுபோய்விட்டது. இலையை மட்டும் கீழே போட்டது.

படி 5: காலையில் சதுப்பும் உப்பளமும்

வேதாரண்யத்திலிருந்து வரும் சாலைக்கு மேற்கே சதுப்பு விரிந்து கிடக்கும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். சாயங்காலம் இதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். அதனால் காலையில் தண்ணீர், மாலையில் மான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சாலையிலேயே நிறுத்துங்கள். ஓரத்தில் வெள்ளையாக, காய்ந்து, கிரிக்கெட் ஆடலாம் போல ஒரு திடல் தெரியும். அது தரை இல்லை. மேலே உப்புப் பொருக்கு, விரல்கடை கனம்; கீழே களிமண் சேறு. மாமாவின் காரை அதில் இறக்கி, டிராக்டர் வைத்து இழுத்தோம். பூநாரைகள் அரை மைல் தள்ளி நின்று, தலையைக் கவிழ்த்து, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தத் தலைகீழ் வேலையை நிதானமாகப் பாருங்கள். பூநாரை அலகைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கைப் பிஸ்டன் மாதிரி ஆட்டி, நீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போல இருப்பவை சிறு இறால்களையும் பாசியையும் வடிகட்டிக்கொள்ளும். அந்த உணவில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பு கொடுக்கிறது. கூட்டத்தில் அழுக்குச் சாம்பலாக நிற்பவை வேறு பறவை இல்லை, இளசுகள். இவை முக்கியமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண் பகுதி.

பூநாரை பார்த்ததும் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் கிளம்ப வேண்டாம். வரப்போரமாக, காலடியில் உருண்டோடும் சின்னப் பறவைகளிடம் வாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்து தலை சுற்றும். நிறத்தைப் பார்க்காதீர்கள், நடையைப் பாருங்கள். குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி ஓடுகிறதா? அலகு குட்டை, கண் பெரிசா? அது உப்புக்கொத்தி. இந்தப் பெயரை வைத்தவர் உப்பளத்தங்கரையில் நின்றுதான் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நிற்காமல், தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே போகிறதா? அது உள்ளான். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்துவிட்டால் முதல் நாள் பாடம் முடிந்தது. அதற்கு மேல் ஆசை இருந்தால் காலைப் பாருங்கள்: சிவப்பு என்றால் பவளக்காலி, பச்சை என்றால் பச்சைக்காலி.

உள்ளான்களிலேயே பொடிசு கொசு உள்ளான். எடை ஏறக்குறைய 25 கிராம், ஒரு எலுமிச்சம்பழத்தைவிடக் குறைவு. ஆர்க்டிக் பக்கத்துத் தூந்திரப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு நம் ஊர்ச் சேற்றுக்கு வருகிறது. வழிகாட்டியாகக் கூட வந்த உள்ளூர் அண்ணன் இதை எனக்குச் சொன்னபோது நான் பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

காலில் உலோக வளையம் மாட்டிய பறவை கண்ணில் பட்டால் போட்டோ எடுங்கள், துரத்தாதீர்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி காலத்திலிருந்தே மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே வளையமிட்டு ஆராய்ந்துவருகிறது.

பத்து மணிக்கு மேல் கானல் எழும்பிவிடும். எவ்வளவு விலையுள்ள பைனாகுலரும் அதற்கு மேல் உதவாது. போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள்.

படி 6: மாலையில் வெளிமான்

மூன்றரைக்குப் புல்வெளிக்குப் போய்விடுங்கள். விதி ஒன்றுதான்: ஒரு மரத்தடியைப் பிடித்து உட்காருங்கள், உட்கார்ந்தே இருங்கள்.

முதல் கால்மணி நேரம் ஒன்றும் இருக்காது. பிள்ளைகள் நெளிவார்கள். பிறகு தூரத்தில் பழுப்பு நிறத்தில் பெட்டைகள், கொம்பு இல்லாமல். அதற்குப் பின்னால் ஒரு கிடா. முறுக்கிவிட்ட கயிறு மாதிரி கொம்பு. முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வயசு ஏற ஏறக் கிடாவுக்குக் கறுப்பு கூடும். பழுப்பாக, கொம்பு குட்டையாக நிற்பவன் விடலை.

நான் ஆர்வத்தில் கையை நீட்டி மகளுக்குக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, கையைக் கீழ போடுங்க. அது விரலைத்தான் பார்க்குது." அப்படித்தான். கை இறங்கியதும் கிடா தலையைக் குனிந்தது. முகத்தை ஒரு புழுக்கைக் குவியலின் ஓரத்தில் வைத்து முகர்ந்து, அதே இடத்தில் புழுக்கை போட்டு, நிமிர்ந்து, எங்களைத் தாண்டி எங்கோ பார்த்தது. தினமும் ஒரே இடத்தில் புழுக்கை குவிப்பது "இது என் எல்லை" என்று மற்ற கிடாக்களுக்குச் சொல்வதற்காம். நடக்கும்போது அந்தக் குவியலை மிதிக்காமல் போங்கள்.

மட்டக் குதிரைகள் குறுக்கே வரும். அழகுதான், ஆனால் எப்போதோ விடப்பட்டுக் காட்டோடு போனவை. மானின் புல்லுக்குப் போட்டி. ரொட்டி கொடுக்காதீர்கள்.

இருட்டும் நேரத்தில் காட்டோரமாக இரட்டை விசில் போல ஒரு சத்தம் வந்தால் அது ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் கூப்பிடும் என்பதால் அந்தப் பெயர். குளிர்காலம் தொடங்கும்போது வடக்கிலிருந்து வந்து, சில இங்கேயே தங்கும், சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும்.

படி 7: இரண்டாவது நாள் இருந்தால்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகு. வனத்துறை அனுமதி இதற்கும் வேண்டும். சேற்றிலிருந்து பென்சில் முனை போல நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களைப் பாருங்கள். படகிலிருந்து இறங்கி மிதித்துப் பார்க்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இரவில் தனியாக டார்ச் அடித்துக்கொண்டு போக வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். வனத்துறை ஆட்களோடு போக முடியுமா என்று கேளுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்ததும்

பார்த்ததை அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. பெயர் தெரியாவிட்டால் படம் வரையுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் செயலியில் ஏற்றலாம். வருஷா வருஷம் பொங்கல் நாலு நாளும் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு வாசலில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலே சேர்த்துக்கொள்வார்கள்.

பைனாகுலர் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைக்காதீர்கள். உப்புக் காற்றில் படிந்த துகள் கீறிவிடும். முதலில் ஊதி, அப்புறம் மென்துணி. வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். மாமா கழுவவில்லை, இன்னும் அந்தத் துருவைக் காட்டித்தான் என்னிடம் பேச்சை ஆரம்பிக்கிறார்.