படிக்கவும் பயிற்சிக்கும் செல்லும் தாய்மார்: குழந்தைப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சியில் இடம் கிடைத்த பிறகு பிள்ளைக்கு வழி தேடிக்கொள்ளலாம் என்று எண்ணுவதே, குறைந்த வருமானக் குடும்பங்களின் தாய்மார் செய்யும் முதல் தவறு. எங்கள் ஊரில் தையல் பயிற்சியில் சேர்ந்த ஒரு பெண், இரண்டு வயது மகனைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுச் சென்றுவந்தார். பாட்டி காய்ச்சலில் படுத்தபோது விடுப்பு எடுக்க நேர்ந்து, வருகைப் பதிவு குறைந்ததால் தேர்வு எழுத முடியாமல் போனது. ஒருவரை மட்டுமே நம்பியிராமல், இன்னொரு ஏற்பாட்டையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அரசுக் காப்பகம் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று ஒதுங்கிவிடுவோரும் உண்டு. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் 2022-இல் ஒன்றிய அரசின் பெண்கள் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் ‘பால்னா’ என மாற்றியமைக்கப்பட்டபோது, தாய் வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தையைச் சேர்க்கலாம் என்றாயிற்று. ஆனால் எல்லா அங்கன்வாடியிலும் காப்பகம் இருப்பதில்லை என்பதால், கைக்குழந்தையை நாள் முழுவதும் விட முடியுமா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் நேரில் கேட்டுத் தெளிவது அவசியம்.

நேரக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இத்திட்டக் காப்பகம் மாதத்தில் 26 நாட்கள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் இயங்க வேண்டும். வகுப்பு காலை ஒன்பதரை முதல் மாலை நாலரை வரை என்றால் ஏழு மணி நேரம்தானே என்று தோன்றும். போக ஒரு மணி, வர ஒரு மணி பேருந்துப் பயணத்தைச் சேர்த்தால் ஒன்பது மணி நேரமாகிறது. மிஞ்சும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்யாமல் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது. காப்பகம் வீட்டருகே இருப்பது நல்லதா, பயிற்சி மையத்தருகே இருப்பது நல்லதா என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கிராமப்புற இளைஞர்களுக்கான ஒன்றிய அரசுத் திறன் பயிற்சித் திட்டமான தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌஷல்ய யோஜனா போன்ற இலவசப் பயிற்சிகளில் பல, விடுதியில் தங்கிப் படிப்பவை. பிள்ளையைப் பிரிந்து தங்க நேரிடுமா என்பதை விண்ணப்பிக்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி முடிந்து வேலை தேடும்போதும் காப்பகத்தை மறந்துவிடக் கூடாது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பதும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கலாம் என்பதும், மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கிடைத்த உரிமைகள். நேர்காணலிலேயே இதைத் தயங்காமல் கேட்கலாம்.