விழாமல் காப்பதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

ஈரத் தரை, நழுவும் மிதியடி, விளக்கில்லாத வராந்தா பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

முதியோருக்கு வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் படிப்பு முடித்துப் புதிதாக வரும் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போகிறேன். எங்கள் செட் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். அப்பா அம்மாவை முதன்முதலாகக் கவனிக்கத் தொடங்கும் வீட்டாரும் அப்படித்தான்.

"வயசாயிடுச்சுல்ல" என்று முடித்துவிடுவது

நிற்பதற்கு மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போக வேண்டும்: கண், உட்காது, பாதமும் மூட்டுகளும். வயது ஏற ஏற மூன்றுமே மங்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் மங்குவதில்லை. எது குறைந்திருக்கிறது என்று விசாரித்தாலே பாதி வேலை முடிந்தது.

படுக்கையில் புரளும்போது சில நொடி மட்டும் அறையே சுற்றுகிறதா? உட்காதில் உள்ள கால்சியத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பும் எப்லி முறையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறதா? படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டோடு போக வேண்டும். இருட்டில் மட்டும் தள்ளாட்டமா? பாதத்தைச் சந்தேகப்படுங்கள்.

இது எதையும் கேட்காமல் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்க வைக்கிறார்கள். அவற்றில் சில, நீண்ட நாள் சாப்பிட்டால் பார்க்கின்சன் நோய் போலவே உடலை இறுக வைத்து, நடையைச் சுருக்கிவிடும்.

படுக்க வைத்தும் உட்கார வைத்துமே பயிற்சி கொடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். விழுந்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலில் படுக்க வை, காலைத் தூக்கு, பத்து எண்ணு. நாற்காலியில் உட்கார வை, கணுக்காலில் எடை கட்டு, முழங்காலை நீட்டு, இன்னொரு பத்து. வீட்டாருக்கும் நிம்மதி, இதில் விழ வழியில்லையே! ஆனால் ஸ்டாண்டு போட்ட சைக்கிளை மிதித்தால் தொடை பலப்படுமே தவிர, சைக்கிள் ஓட்ட வராது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நீண்ட காலமாகச் சர்க்கரை. புதிதாக வந்த பையன் ஒழுங்காகப் போய் வந்தான், எடையையும் படிப்படியாகக் கூட்டினான். எல்லாவற்றையும் நோட்டில் அழகாகக் குறித்தும் வைத்திருந்தான். அந்த அம்மாவோ, பால் பொங்குகிறதென்று சட்டெனத் திரும்பியபோது மறுபடி விழுந்தார். "கால் நல்ல ஸ்ட்ராங் சார், நானே அழுத்திப் பார்த்தேன்" என்றான். பொய்யில்லை, தொடையில் பலம் இருந்தது.

சமையல் மேடைக்கு முதுகு காட்டி, பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னேன். நின்றார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு கண்ணை மூடச் சொன்னேன். மூடிய மாத்திரத்தில் உடம்பு மேடைப் பக்கம் சாய்ந்தது. தட்டினால் அதிரும் உலோகக் கவையை (டியூனிங் ஃபோர்க்) தட்டிக் கால் பெருவிரலில் வைத்தால், "ஒண்ணும் தெரியலியே தம்பி" என்கிறார். சர்க்கரை பாத நரம்புகளைத் தின்றுவிட்டிருந்தது, அத்தனை நாளும் கண்ணை நம்பித்தான் நின்றிருக்கிறார். வேகமாகத் திரும்பும்போதும் கரண்ட் போகும்போதும் அந்த ஒரே துணையும் கைவிட்டுவிடும். நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை கிலோ தூக்கினாலும் இது மாறாது.

தசையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வயதாகும்போது வேகமாகச் சுருங்கும் இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. பலம் குறைவதற்கு முன்பே, அந்தப் பலத்தைச் சட்டென்று வெளிக்காட்டும் வேகம் குறைந்துவிடுகிறது. கால் இடறினால் மறு கால் கண்ணிமைப்பதற்குள் முன்னே விழ வேண்டும். மெதுவாக எண்ணி எண்ணி நீட்டும் முழங்காலுக்கு அந்த வேகம் எங்கிருந்து வரும்?

நின்றபடிதான் செய்ய வேண்டும். சமையல் மேடையை ஒட்டி நின்று, கை மேடைக்கு மேலே தொடாமல் தயாராக இருக்கட்டும். முதலில் பாதங்கள் சேர்ந்து, பிறகு ஒரு பாதம் அரை அடி முன்னே, பிறகு குதிகாலும் விரலும் ஒரே கோட்டில். அது பழகியதும் தலையைத் திருப்பலாம், அலமாரி டப்பாவை எட்டி எடுக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் விரைவாக எழுந்து, மெதுவாக உட்காரலாம். கொஞ்சம் ஆட்டம் காண வேண்டும். ஆடவே இல்லையென்றால் பயிற்சி போதவில்லை. பக்கத்தில் ஆள் நிற்கட்டும், கையைப் பிடிக்க வேண்டாம். பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இப்படிச் சமநிலையும் அன்றாட அசைவுகளும் சேர்ந்த பயிற்சி விழுதல்களை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைத்தது. எடைப் பயிற்சி மட்டுமோ நடை மட்டுமோ போதும் என்பதற்கு அங்கே உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

வீட்டார் செய்வது இதன் இன்னொரு வடிவம்: "நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தரேன்." 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிற்று. நோய்நொடியோடு இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பாசத்தோடு சோபாவில் உட்கார வைப்பவர்கள் யோசிப்பதில்லை.

கைத்தடியை வலிக்கிற பக்கம் கொடுப்பது

எதிர்க் கையில். கைப்பிடி மணிக்கட்டு மடிப்பு உயரத்துக்கு இருக்கட்டும்.

பைஃபோகல் கண்ணாடியோடு படி இறங்க விடுவது

கீழ்ப்பாதி வில்லை படிப்பதற்கானது. அதன் வழியே பார்த்தால் படி விளிம்பு மங்கும். வெளியே போக, தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி.

நடக்கும்போது பேச்சுக் கொடுப்பது

பதில் சொல்ல அவர் நின்றுவிட்டால், நடைக்கே மூளையின் முழுக் கவனமும் செலவாகிறது என்று அர்த்தம்.

ராத்திரிக்கு இரண்டு இட்லி

தசைக்கு அது போதாது. வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். முட்டையோ சுண்டலோ மீனோ, சாப்பிடுவது எதுவோ அது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு.

"விழுந்தீங்களா?" என்று நேராகக் கேட்பது

இல்லை என்றுதான் பதில் வரும். விழுந்ததைச் சொன்னால் மொட்டை மாடிக்கும் கோயிலுக்கும் போக விடமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். "கால் எங்கேயாவது இடறிச்சா? எதைப் பிடிச்சுச் சமாளிச்சீங்க?" என்று கேட்டால் கதை வரும். கையில் கன்றிய இடம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

தலையில் அடிபட்டிருந்து, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால், "ஒண்ணுமில்லை" என்று அவர் சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, வாரங்கள் கழித்துக் குழப்பமாகவோ தூக்கமாகவோ ஒரு பக்கம் கால் இழுப்பதாகவோ தெரியவரலாம். அதையும் "வயசாயிடுச்சுல்ல" கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.